வாரக் கூட்டத்தை மாதம் இரண்டாகக் குறைக்கலாமா?

மூணாம் டிவிஷன்:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம்ம சேவைக் கிளப் செவ்வாய்க்குச் செவ்வாய் ஹோட்டல் மாடியில் கூடுவது எல்லோருக்கும் தெரியும். மணி அடிப்பது, நெகாராகூ தேசிய கீதம், போன வார அறிக்கை, தாமதமாக வந்தவருக்கு 5 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், அப்புறம் ஆளுக்கு 30 வெள்ளிக்குப் பிரியாணி. உருப்படியான பேச்சு கடைசிக் கால் மணி நேரம்தான். மாதம் இரண்டு கூட்டம் போதும், மிச்சமாகும் சாப்பாட்டுக் காசை டயாலிசிஸ் நோயாளிகளின் போக்குவரத்துக்குக் கொடுப்போம் என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். நாம் யாரைப் பார்த்து இந்த மணியும் அபராதமும் வைத்துக்கொண்டோமோ அந்த ரோட்டரி என்ற உலகச் சேவைக் கழகத்துக்காரர்களே 2016இல் வாரக் கூட்டக் கட்டாயத்தைத் தளர்த்தி, மாதம் இரண்டு இருந்தால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

பழைய கிராணி:
தம்பி, பிரியாணி கண்ணை உறுத்தினால் தேநீரோடு நிறுத்து, கூட்டத்தில் கை வைக்காதே. எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிகிறது, அதை அவர் சொல்வதும் சாப்பிட்டுக்கொண்டே பேசும்போதுதான். வாட்சப்பில் காலை வணக்கமும் பூவும்தான் வரும். மாதம் இரண்டு என்று ஆக்கினால் ஒரு கூட்டத்துக்கு வராதவன் ஒரு மாதம் முகம் காட்ட மாட்டான், அப்புறம் சந்தா நின்றுபோகும், கடைசியில் ஏழைகளுக்குத் தீபாவளி ஹேம்பர், அந்தப் பரிசுக் கூடை கட்ட நாலு பேர்கூடத் தேற மாட்டார்கள். மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் நம்ம ஊர்க்காரர். 1960இல் தோட்டத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்களே, ஆளை ஆள் பார்க்காமலா அது நடந்தது?

மூணாம் டிவிஷன்:
அதற்கு அவர்கள் தோட்டம் தோட்டமாகப் போனார்கள் அண்ணே. ஹோட்டல் மாடியில் உட்காரவில்லை.

லயத்துப் பெண்:
நான் உங்கள் கிளப் உறுப்பினர் இல்லை. என் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். சொக்சோ என்ற தொழிலாளர் பாதுகாப்புச் சந்தா கட்டியவருக்கு அதை நடத்தும் பெர்கேசோ உதவுகிறது, முஸ்லிம்களுக்கு ஸகாத் பணம் இருக்கிறது, காண்ட்ராக்டரிடம் தினக்கூலியாகச் செம்பனைக் குலை அறுத்தே வயதாகிப்போனவர் எங்கே போவார்? ஏதோ நல்ல மனிதர்களின் நன்கொடையில் சிகிச்சை நடக்கிறது. போகும்போது எப்படியாவது போய்விடுவோம், முடிந்து வரும்போது தலை சுற்றி நிற்கவே மாட்டார். தோட்டத்து மண்சாலைக்குள் கிராப் வாடகைக் கார் வர மறுக்கிறது. போன தீபாவளிக்கு பேனரோடு வந்து படம் எடுத்துக்கொண்டு ஹேம்பர் கொடுத்தீர்கள். ஊறுகாய், உப்பு பிஸ்கட், ஆரஞ்சு ஜூஸ். அதில் பாதி அவர் வாயில் வைக்கக் கூடாதது.

ஓய்வுபெற்ற டீச்சர்:
ஹேம்பர் விஷயம் சரியான அடி, யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு வாரக் கூட்டமே வேண்டும், ஆனால் இடத்தை மாற்றுங்கள். 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸும் இன்னும் மூன்று பேரும் ரோட்டரியைத் தொடங்கியபோது ஒருவர் மாற்றி ஒருவர் அலுவலகத்தில்தான் கூடினார்கள். நாமும் ஒரு வாரம் தமிழ்ப்பள்ளி, ஒரு வாரம் கோயில் மண்டபம், ஒரு வாரம் மலிவு விலை அடுக்குமாடியின் கீழ்த்தளம் என்று போகலாமே. தோட்டத்தில் இப்போது இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும்தான் அதிகம், நம் ஆட்களின் கஷ்டம் பெரும்பாலும் அந்த அடுக்குமாடிகளுக்குக் குடிவந்துவிட்டது.

பழைய கிராணி:
கேட்க நன்றாக இருக்கிறது டீச்சர். சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்த முதலாளியை அடுக்குமாடிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தால் அடுத்த வருடம் வருவாரா? ஹோட்டல் செலவு வீண் செலவு இல்லை, காசு வரும் வழி அது.

மூணாம் டிவிஷன்:
அந்த முதலாளிக்கு அடுக்குமாடியைப் பார்க்கவே கூச்சம் என்றால் அவர் காசு நமக்கு எத்தனை நாளைக்கு?

பழைய கிராணி:
வீட்டு வாடகையை நீ கட்டுகிற வயது வரட்டும், அப்புறம் இதைச் சொல்.

லயத்துப் பெண்:
நீங்கள் எங்கே வேண்டுமானாலும் கூடுங்கள். செவ்வாய், வியாழன், சனி காலை 6 மணிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவர ஒரு வண்டி வருமா, வராதா?

பழைய கிராணி:
என் மருமகனிடம் வேன் இருக்கிறது அம்மா. ஆனால் நோயாளியை ஏற்றிப் போகும்போது ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் யார் பேரில், கிளப்பா, அவனா? எண்ணெய்க் காசு எந்தக் கணக்கில்? செவ்வாய்க் கூட்டத்தில் வைத்துப் பேசி முடிக்கிறேன்.

மூணாம் டிவிஷன்:
நாளைக்கே சனி அண்ணே. அக்கா, இடத்தைத் தனியாக எனக்கு அனுப்புங்கள், நாளை என் காரில் வருகிறேன். தீர்மானம் அப்படியேதான் இருக்கிறது, அதில் மாற்றமில்லை.