சுறா ஊனுண்ணி என்றால் சங்கு என்ன?

பாம்பன்கரை (கேள்வி):
எங்கள் தெருப் பிள்ளைகள் மன்னார் வளைகுடா உயிரினங்களைப் பற்றிச் சிறிய கண்காட்சி ஒன்று வைக்கிறார்கள். படங்களுக்குக் கீழே ஒட்டும் அட்டைகளை எழுதுவது என் பொறுப்பு. "மாமிசபட்சிணி" என்பது சின்னப் பிள்ளைகளின் வாயில் நுழையாது என்று "ஊனுண்ணி" என எழுதினேன். காலமெல்லாம் வலை இழுத்த என் அப்பா சுறாவின் அட்டையைப் பார்த்துவிட்டு ஒப்ப மறுக்கிறார். "ஊன் என்றால் ஆடு, மாட்டுக் கறி. மீனைத் தின்கிற மீனுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? கறிக்கடையும் மீன்கடையும் ஒன்றா?" என்று கேட்கிறார். ஆவுளியா (கடற்பசு) கடற்புல் மேய்கிறது. அதற்குத் "தாவர உண்ணி" என்று எழுதியாயிற்று. ஆமை, சங்கு, பூநாரை அட்டைகள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இராமநாதபுரம் தமிழாசிரியை:
அப்பா சொல்வது கறிக்குப் பொருந்தும், ஊனுக்குப் பொருந்தாது. ஊன் என்பது உடலின் தசை; எந்த உயிரின் உடல் என்ற வரையறை அதில் இல்லை. "தன்ஊன் பெருக்கற்குத் தான்பிறிது ஊன்உண்பான்" என்ற குறளில் (251) மனிதனின் உடலும் ஊன்தான், அவன் தின்னும் உயிரின் உடலும் ஊன்தான். ஆகவே சுறா ஊனுண்ணியே. கறி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் மிளகு என்று பொருள். இறைச்சிக்கு அது வந்து சேர்ந்தது பிற்காலத்தில்.

இரண்டு வேண்டுகோள்கள். "ஊனுண்ணி" என்று சேர்த்தே எழுதுங்கள். உண்ணி தனியே நின்றால் மாட்டின் மேல் ஒட்டும் பூச்சிதான் பிள்ளைகளின் நினைவுக்கு வரும்; உண்ணிக்கொக்கு பெயர் பெற்றதும் அந்தப் பூச்சியைக் கொத்துவதால்தான். அடுத்தது, விலங்குக்கு "அசைவம்" என்று எழுதவே எழுதாதீர்கள். அது மனிதர் தம் உணவைப் பற்றிச் செய்துகொண்ட பாகுபாடு. சுறாவுக்குச் சைவமும் இல்லை, அசைவமும் இல்லை.

கீழக்கரைச் சங்குக்குளியாள்:
சங்கின் அட்டையை நான் சொல்கிறபடி எழுதுங்கள் தங்கச்சி. பூசையில் ஊதுகிறோம், குழந்தைக்குப் பால் புகட்டுகிறோம். அதனாலேயே சங்கு பாசியைத் தின்று வாழ்கிற சாதுவான உயிர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெண்சங்கு புழுத் தின்னி. மணலுக்குள் இருக்கும் புழுக்களைத் தேடித் தின்றுதான் வளர்கிறது. அதனால்தான் வெறும் பாறையில் சங்கைத் தேடி நாங்கள் மூச்சை வீணாக்குவதில்லை. புழு வாழும் மணல்தான் எங்களுக்கு இலக்கு. அது நகர்கிற வேகத்தைப் பார்த்தால் வேட்டையாடும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அது ஊனுண்ணிதான், ஐயமே வேண்டாம். பல் தெரிந்தால்தான், இரத்தம் சிந்தினால்தான் ஊனுண்ணி என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. சுறா படத்துக்குப் பக்கத்திலேயே சங்கின் படத்தையும் வையுங்கள்.

அழுங்காமையும் அப்படித்தான். பாறையில் வாயை வைத்து அது கடிப்பதைப் பார்த்தால் புல் மேய்கிற மாதிரி இருக்கும். பெரும்பாலும் அது தின்பது கடற்பஞ்சு. கடற்பஞ்சு செடி அல்ல, விலங்கு. வளர்ந்த பேராமைதான் கடற்புல்லையும் பாசியையும் மேய்வது. ஆகவே ஆமைக்கு ஒரே அட்டை போதாது, இரண்டு எழுதுங்கள்.

பரமக்குடி விலங்கியல் மாணவன்:
அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஊனுண்ணி என்பது எதைத் தின்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. கொன்று தின்றால் இரைகொல்லி, செத்ததைத் தின்றால் பிணந்தின்னி; கழுகுகளில் ஒரு வகைக்கு அதுவே பெயர். பாடநூலில் "கார்னிவோரா" என்ற வரிசையைச் சிலர் ஊனுண்ணி வரிசை என்று மொழிபெயர்க்கிறார்கள். அது புலி, நாய், கரடி, கடல்நாய் ஆகியவற்றின் குடும்பக் கணக்கு. மூங்கில் தின்னும் பாண்டா அந்த வரிசையில் இருக்கிறது. மீனும் கணவாயும் தின்னும் ஓங்கில் (டால்பின்) அதில் இல்லை. உங்கள் அட்டையில் உணவுக் கணக்கு மட்டும் இருக்கட்டும். தனுஷ்கோடிப் பக்கம் வரும் பூநாரை பாசியையும் தின்னும், சிறு இறால் வகைகளையும் தின்னும். அதற்கு "அனைத்துண்ணி" என்று எழுதுங்கள்.

பாம்பன்கரை:
எல்லோருக்கும் நன்றி. குறளைப் படித்துக் காட்டியதும் அப்பா சுறா அட்டையை ஒப்புக்கொண்டார். சங்கைப் பற்றி மட்டும் கீழக்கரை அண்ணனிடம் நேரிலேயே கேட்க வேண்டும் என்கிறார். கண்காட்சிக்கு வர முடியுமா அண்ணா?