சுழற்சி பம்ப் ஓடியும் மாடிக் குளியலறைக்கு வெந்நீர் வரத் தாமதமாகிறது; உதவி தேவை

கேள்வி:
வணக்கம். குன்னூரில் உள்ள எங்கள் வீட்டில் 100 லிட்டர் கீசர் கீழ்த்தளத்திலும், அம்மா குளிக்கும் அறை மாடியின் மறுகோடியிலும் உள்ளன. இடையில் முக்கால் அங்குல சிபிவிசி குழாய் ஏறத்தாழ 25 மீட்டர் செல்கிறது. குழாயில் ஆறும் நீரைக் கீசருக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைனும், அதைச் சுழல வைக்கும் சுழற்சி பம்பும் பொருத்திய பின், குழாயைத் திறந்த பத்து விநாடிக்குள் வெந்நீர் வந்துகொண்டிருந்தது. கடந்த ஒரு மாதமாகப் பம்ப் ஓடும் சத்தம் கேட்டாலும் மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டியுள்ளது. அதன் பிறகும் வெதுவெதுப்பான நீரே வருகிறது. சமையலறையில் மட்டும் நல்ல சூடு இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் அம்மா காத்து நிற்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பம்பை மாற்ற வேண்டுமா?

பதில் 1:
அவசரப்பட்டுப் பம்பை வாங்கிவிடாதீர்கள். அந்த அளவுக் குழாயில் மீட்டருக்குச் சுமார் கால் லிட்டர் வீதம், மொத்தம் ஆறரை லிட்டர் நீர்தான் தங்கும். குளியலறைத் திறப்புக் குழாய் நிமிடத்திற்கு 6 லிட்டர் விடுவதாகக் கொண்டால், பம்பே இல்லாத வீட்டிலும் ஒன்றரை நிமிடத்திற்குள் சூடு வந்துவிட வேண்டும். மூன்று நிமிடமாகியும் வெதுவெதுப்புதான் என்றால், எங்கோ தண்ணீர் கலக்கிறது என்று பொருள். ரிட்டர்ன் லைனில், நீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு மூடாமல் நின்றுவிட்டால், நீங்கள் குழாயைத் திறந்ததும் கீசருக்குள் போக வேண்டிய பச்சைத்தண்ணீர் அந்த லைன் வழியே பின்னோக்கி ஏறி, கடைசிக் குளியலறையில் வெந்நீருடன் கலந்துவிடும். கீசருக்கு அருகிலுள்ள சமையலறை தப்பிப்பதும் இதனால்தான். பம்பை அணைத்து, ரிட்டர்ன் லைனின் பால் வால்வை மூடிவிட்டு மாடிக் குழாயைத் திறந்து பாருங்கள். அப்போதும் சூடு வராவிட்டால், மிக்ஸர் குழாய்களில் ஏதேனும் உள்ளுக்குள் கசிந்து இரு நீரையும் கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதத்திற்கு முன் குழாய் வேலை ஏதாவது நடந்ததா?

கேள்வி கேட்டவர்:
ஆம் ஐயா, கீசரின் ஹீட்டிங் எலிமெண்டை மாற்றினோம்; அப்போது சில இணைப்புகளையும் கழற்றி மாட்டினார்கள். நீங்கள் சொன்னபடி வால்வை மூடியதும் ஒன்றேகால் நிமிடத்தில் கை பொறுக்காத சூட்டில் நீர் வந்தது.

பதில் 2:
அப்படியானால் பழுது நான்-ரிட்டர்ன் வால்வில்தான், ஐயமே இல்லை. இணைப்புகளில் கசிவைத் தடுக்கப் புதிதாகச் சுற்றிய டெஃப்ளான் டேப்பின் துணுக்கு, அந்த வால்வின் மூடி வந்து பொருந்தும் இருக்கையில் சிக்கியிருக்கக்கூடும். கீசரின் மின்சாரத்தையும் நீர்வரத்தையும் நிறுத்திய பிறகே பிளம்பரிடம் அந்த வால்வைக் கழற்றச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது அம்புக்குறி கீசரை நோக்கி இருக்க வேண்டும். கை பொறுக்காத சூடு என்பதால் தெர்மோஸ்டாட்டைக் குறைக்கத் தோன்றும். ஆனால் நுரையீரல் தொற்றை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகாதிருக்கக் கீசரில் 60 டிகிரியும், திரும்பி வரும் நீரில் 50 டிகிரிக்குக் குறையாத சூடும் தேவை. அம்மாவின் பாதுகாப்புக்கு அந்தக் குளியலறையில், வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் தானே கலந்து சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாடிக் மிக்ஸரைப் பொருத்துவதே சரி.

கேள்வி கேட்டவர்:
துணுக்கு அங்கேதான் இருந்தது. வால்வைச் சுத்தம் செய்து மாட்டிய பின், இன்று காலை பத்து விநாடியில் வெந்நீர் வந்தது. மிக்ஸருக்கும் சொல்லியிருக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.