உதவி தேவை: கொள்ளுத்தாத்தாவின் கல்யாணப் பதிவு, கடன் வழக்கு – எங்கே தேடுவது?

கேலாங்_பேத்தி | ஞாயிறு இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். எங்கள் கொள்ளுத்தாத்தா கல்யாணம் சிங்கப்பூரில்தான் நடந்தது, 1885, 86 வாக்கில். கோவிலில் போய்க் கேட்டாச்சு, அந்த வருஷத்து ஏடே அங்கே இல்லையாம். வீட்டுப் பெட்டியில் தமிழில் எழுதிய கடன் நோட்டு ஒன்று இருக்கிறது, 1898. வட்டமாக சீல் இருப்பதால் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய பேப்பர்களில் 1898 முழுக்கத் தேடிவிட்டேன், ஒன்றும் வரவில்லை. மாதக் கடைசியில் சித்தப்பாவுக்கு எழுபது வயது விழா. அதற்குள் வம்சாவளிப் படம் முடிக்க வேண்டும். வேறு எங்கே பார்க்கலாம்?

ஈசூன்வாசி | ஞாயிறு இரவு 11.58

பெயர் என்ன? ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டலில் தேடினீர்கள்? எந்த மதம்? நோட்டில் கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்? இது எதுவுமே இல்லாமல் எங்கே பார் என்று சொல்வது?

பழைய_ஏடு | திங்கள் காலை 6.15

இங்கே மாதம் ஒருமுறை வருகிற கேள்விதான் இது. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். இன்னொரு முறை சொல்கிறேன்: இந்து முறைத் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயமானது மகளிர் சாசனத்தால், 15 செப்டம்பர் 1961 முதல். அதற்கு முன் தாலி கட்டியதே போதும், சர்க்கார் ஏட்டில் ஏற வேண்டியதில்லை. 1885-க்குக் கோவிலில் பதிவேடு தேடுவது இல்லாத ஒன்றைத் தேடுவது. பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தாய் தந்தை பெயரைப் பாருங்கள், அந்தப் பதிவுகள் 1872-லிருந்து உண்டு.

நாகூரான் | திங்கள் காலை 7.30

இஸ்லாமியர் என்றால் வழி வேறு. 1880-ல் முகமதியத் திருமணச் சட்டம் வந்தது, காஜிமார் பதிவேடு வைத்தார்கள். அதனால் மதத்தை முதலில் சொல்லுங்கள். பழைய ஆங்கிலப் பேப்பரில் தமிழ் முஸ்லிம்களைச் 'சூலியா' என்றும், தென்னிந்தியர் எல்லாரையும் பொதுவாகக் 'கிளிங்' என்றும் எழுதியிருப்பார்கள். கேட்கக் கசக்கிற சொல்தான், ஆனாலும் தேடும்போது போட்டுப் பார்க்க வேண்டும்.

புக்கிஸ்_வாசகன் | திங்கள் காலை 8.05

ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் ரெக்கார்ட்ஸ் பாருங்கள், எல்லாம் அதில் இருக்கும். கேனிங் ரைஸில் ஆவணக் காப்பகத்தில் மைக்ரோஃபிலிம்.

மைக்ரோஃபிலிம் | திங்கள் காலை 9.20

புக்கிஸ் அண்ணா, அந்தத் தொகுப்பு 1867-ஓடு முடிகிறது. அந்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் இந்திய சர்க்காரின் கையிலிருந்து லண்டன் காலனி அலுவலகத்துக்கு மாறின. பிறகு வந்த கடிதங்கள் சிஓ 273 தொடரில், லண்டன் கியூ காப்பகத்தில். அது கவர்னர் மேலிடத்துக்கு எழுதிய போக்குவரத்து. சில்லறைக் கடன் வழக்கைத் தேடி அதில் இறங்கினால் ஒரு மாதம் போய்விடும், ஒன்றும் கிடைக்காது.

வழக்கு எண் இல்லையென்றால் நீதிமன்றச் செய்திகளும் திவால் அறிவிப்புகளும்தான் வழி. முதலாவது நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற பழைய செய்தித்தாள் இணையதளத்தில், இரண்டாவது கவர்ன்மெண்ட் கெஜட்டில். கெஜட்டுக்கு விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தின் 11-ஆம் தளத்தில் கேளுங்கள். சட்ட அறிக்கைத் தொகுதிகளில் சட்டச் சிக்கல் எழுந்த வழக்குகள் மட்டுமே வரும், சாதாரண நோட்டு வழக்கு வராது.

பேப்பரில் தேடும்போது ஒன்று கவனியுங்கள். கணினி படித்த எழுத்தில் பிழை மலிந்திருக்கும்: ஆங்கில எழுத்து 'யு' என்பது 'என்' ஆகும், 'இ' என்பது 'சி' ஆகும். முழுப்பெயரைப் போடாமல் பாதிப் பெயரோடு தெருப்பெயரையோ தொழிலையோ சேர்த்துத் தேடுங்கள். 'முத்து' ஒன்றையே எம்-யு-டி-டி-யு, எம்-ஓ-ஓ-டி-ஓ-ஓ, எம்-ஓ-ஓ-டி-எச்-ஓ-ஓ என்று மூன்று விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை | திங்கள் காலை 10.10

நோட்டை வைத்துக்கொண்டு பேப்பரில் தேடுவானேன். நோட்டைப் படித்துச் சொல்லம்மா. தேதி எப்படி எழுதியிருக்கிறது, தொகை எப்படி, பின்பக்கம் என்ன, சீலில் என்ன எழுத்து, கையெழுத்து முழுதாக இருக்கிறதா. பார்த்ததைப் பார்த்தபடியே எழுது, அர்த்தம் பண்ண வேண்டாம்.

கேலாங்_பேத்தி | திங்கள் இரவு 9.45

மன்னிக்கணும், வேலையில் இருந்தேன். முழுப்பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்கிறார் அப்பா. 'சவரி'யில் தொடங்கும். நோட்டில் 'விளம்பி' என்று இருக்கிறது, அப்புறம் 'தை', அப்புறம் 'யஉ', நடுநடுவே சுழித்த குறிகள். விளம்பி 1898 என்று இணையத்தில் பார்த்தேன். தொகை இருக்க வேண்டிய இடத்தில் 'ஙளருய' என்று ஏதோ புரியாத சொல். பின்பக்கம் நாலைந்து வரி, ஒவ்வொன்றிலும் தேதி. கையெழுத்துப் பக்கம் கிழிந்துவிட்டது. சீலைப் பகலில் பார்த்துச் சொல்கிறேன்.

ஓஃபிர்_ரோடு | திங்கள் இரவு 10.02

'சவரி'யா? அப்படியானால் தங்கச்சி, நீங்கள் கோவில் என்றது மாதா கோவிலா?

கேலாங்_பேத்தி | திங்கள் இரவு 10.06

ஆமாம், லூர்து மாதா கோவில். நான் சொல்லவில்லையா?

பழைய_ஏடு | திங்கள் இரவு 10.20

சொல்லவில்லை. மதத்தை முதல் வரியில் எழுதியிருந்தால் நான் 1961 பற்றி எழுதியே இருக்க மாட்டேன். உதவி கேட்பவர்கள் தங்கள் வீட்டுப் பேச்சு ஊருக்கெல்லாம் தெரியும் என்று எண்ணக்கூடாது.

ஓஃபிர்_ரோடு | திங்கள் இரவு 10.50

வீட்டில் எல்லாரும் கோவில் என்றுதானே சொல்கிறோம் ஐயா, அதில் என்ன தப்பு.

தங்கச்சி, ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோவில் திறந்ததே 1888-ல். அதற்கு முந்தைய ஏடு அங்கே எப்படி இருக்கும்? அதுவரை தமிழ்க் கத்தோலிக்கர் குவீன் ஸ்திரீட்டில் இருக்கும் புனித இராயப்பர் சின்னப்பர் கோவிலுக்குத்தான் போனார்கள். அது 1870-ல் கட்டி முடிந்தது, சீனக் கத்தோலிக்கரும் நம்மவரும் சேர்ந்து பூசை கண்ட இடம். அந்தப் பங்கின் மன்றல் ஏட்டை, அதாவது திருமணப் பதிவேட்டைக் கேளுங்கள். ஒரே வருஷம் சொல்லாமல் 1884 முதல் 1887 வரை என்று எழுதிக் கேளுங்கள்.

இனி முக்கியமானது. அந்தக் காலத்துப் பங்கு ஏடுகள் லத்தீனில் இருக்கும், எழுதியவர்கள் பிரெஞ்சுச் சாமியார்கள். 'சவரி' என்று எஸ் வரிசையில் தேடினால் வராது. சவரியார் என்பவர் பிராஞ்சிஸ்கு சவேரியார். லத்தீனில் 'சவேரியுஸ்', முதல் எழுத்து எக்ஸ். ஏட்டின் பெயர்ப்பட்டியலில் எக்ஸ் பக்கம் பாருங்கள், இல்லையென்றால் 'பிரான்சிஸ்குஸ்' என்று எஃப் பக்கம். பெண் வீட்டுப் பெயர்களும் இப்படியே: இராயப்பன் 'பேத்ருஸ்', சின்னப்பன் 'பவுலுஸ்', அருளப்பன் 'யொவான்னெஸ்', சந்தியாகும் யாகப்பனும் 'யாக்கோபுஸ்', சூசை 'யோசேஃபுஸ்', இஞ்ஞாசி 'இக்னாத்தியுஸ்', ஞானப்பிரகாசம் 'அலோய்சியுஸ்'. ஞானப்பிரகாசத்தை ஜி வரிசையில் தேடிக் களைத்தவர்கள் ஏராளம்.

தகப்பன் பெயர் வேற்றுமை ஏறி வரும். 'ஃபிலியுஸ் பேத்ரி' என்றால் இராயப்பன் மகன், 'ஃபிலியா' என்றால் மகள். 'பேத்ரி' என்று தனியாக ஓர் ஆள் இருந்ததாக வம்சாவளியில் ஏற்றிவிடாதீர்கள். 'விதுவுஸ்' என்றிருந்தால் மாப்பிள்ளைக்கு அது இரண்டாம் தாரம். 'தெஸ்தெஸ்' என்ற சொல்லை ஒட்டி வருபவர்கள் சாட்சிகள், பெரும்பாலும் மச்சான், மாமன், ஒரே ஊர்க்காரர், அவர்கள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். 'எக்ஸ்' என்று தொடங்கி ஓர் ஊர் வந்தால் அது சொந்த ஊர். காரைக்கால், புதுச்சேரி என்றால் அடுத்த தேடல் பிரெஞ்சு ஆட்சிப் பதிவுகளில், சென்னை எழும்பூர் காப்பகத்தில் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. 1908 ஈஸ்டருக்குப் பிறகு ஒருவர் கோவிலில் மணமுடித்தால் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்று திருச்சபை விதி வந்தது. அதனால் கொள்ளுத்தாத்தாவின் பிள்ளைகளுடைய ஞானஸ்நானப் பதிவைப் பிடித்தால், பெற்றோர் பெயரோடு அந்தப் பிள்ளை யாரைக் கட்டியது என்பதும் ஓரத்தில் இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய் காலை 6.40

'ஙளருய' சொல் அல்ல அம்மா, எண். ங மாதிரி இருப்பது ௩, ள மாதிரி இருப்பது ௱, அதாவது நூறு. ரு மாதிரி இருப்பது ௫, ய மாதிரி இருப்பது ௰, அதாவது பத்து. ௩௱௫௰ என்றால் மூன்று நூறு, ஐந்து பத்து: 350 வெள்ளி. 'யஉ' என்பது ௰௨, பன்னிரண்டு. சுழித்த குறிகள் ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். ஆக விளம்பி வருஷம் தை மாதம் 12-ஆம் நாள்.

இங்கேதான் ஒரு வருஷம் தப்பியிருக்கிறது. விளம்பி 1898 ஏப்ரலில் பிறந்து 1899 ஏப்ரலில் முடிகிறது. தை மாதம் ஆங்கில வருஷம் மாறின பிறகு வருவது. உன் நோட்டு 1899 ஜனவரி நான்காம் வாரம். அந்தக் காலத்தில் தை முதல் தேதி ஜனவரி 12, 13-ல் விழுந்தது, இன்றைய பொங்கல் தேதியை வைத்து எண்ணாதே. 1898-ல் தேடினால் எழுதாத நோட்டுக்கு வழக்கு தேடுவதாகும். தமிழ்த் தேதியில் மார்கழி நடுவிலிருந்து பங்குனி வரை எது வந்தாலும் ஒன்று கூட்டிக்கொள்.

பின்பக்க வரிகளில் ௷ குறி இருந்தால் அது வரவு, அந்தந்தத் தேதியில் கட்டிய பணம். ௶ என்றால் பற்று. கூட்டிப் பார்.

சீலில் சென்ட் தொகை அச்சாகி இருந்தால் அது முத்திரைத் தீர்வை. நோட்டு எழுதும்போதே சர்க்காருக்குக் கட்டுவது அது, இல்லாவிட்டால் நோட்டு கோர்ட்டில் செல்லாது. அதைப் பார்த்து வழக்கு என்று நினைக்கக்கூடாது. 'ஜுடிஷியல்' என்று அச்சிட்ட முத்திரைத்தலை ஒட்டியிருந்தாலோ, 'சூட் நம்பர் இத்தனை, ஆண்டு இத்தனை' என்று மையில் எழுதியிருந்தாலோதான் வழக்கு. எண் வருஷாவருஷம் ஒன்றிலிருந்து தொடங்கும், ஆகவே ஆண்டு இல்லாத எண் பயன்படாது.

கடைசியாக ஒன்று, இதை யாரும் கேட்கவில்லை. கடன் தீர்ந்தால்தான் நோட்டு கடன்பட்டவர் கைக்குத் திரும்பும், திரும்பத் தரும்போது கையெழுத்தைக் கிழித்துக் கொடுப்பது வழக்கம். உன் கொள்ளுத்தாத்தா வாங்கியவராக இருந்து, நோட்டு உங்கள் பெட்டியிலும் இருந்து, கையெழுத்தும் கிழிந்திருந்தால், அவர் கடனை அடைத்துவிட்டார். தானாகக் கிழிந்ததா, கிழித்ததா என்று பார்.

தேங்க்_ரோடு | செவ்வாய் மதியம் 12.30

கொடுத்தவர் நகரத்தார்தான், சந்தேகமே வேண்டாம். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கி, அதாவது அவர்கள் வட்டிக்கடை வைத்திருந்த கட்டிடம். பெயருக்கு முன்னால் இரண்டு மூன்று எழுத்து விலாசம் இருக்கும், அதுதான் கடை. ஆளை வைத்துத் தேடாதீர்கள், ஏஜென்ட் தவணை முடிந்து ஊர் திரும்பினால் அடுத்தவர் பெயரில் வழக்கு தொடரும், விலாசம் மட்டும் மாறாது. கோர்ட்டுக் குமாஸ்தா அந்த எழுத்துகளை உச்சரித்தபடியே நீட்டி எழுதியிருப்பார்: மூனா, ரூனா, சேனா, ராவன்னா. அப்படியே தேடுங்கள். கடைசியில் 'செட்டி' வரும்.

மலாக்கா_வழி | செவ்வாய் மதியம் 1.10

செட்டி என்றாலே நகரத்தாரா? மலாக்காச் செட்டிகள் நாங்கள் அவர்களுக்கு முன்பே இங்கே இருந்தவர்கள். மலாக்கா பொய்யாத விநாயகர் கோவில் 1781. ஆங்கிலத்தில் ஐ போட்டுச் 'சிட்டி' என்று எழுதியிருந்தால் அது எங்களவர்.

தேங்க்_ரோடு | செவ்வாய் மதியம் 1.25

எழுத்துக்கூட்டலை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் காலத்து வழக்குகளில் நகரத்தாரையும் 'சிட்டி' என்றே எழுதினார்கள். தமிழ் வருஷமும் தமிழ் எண்ணும் போட்ட நோட்டு எங்கள் கணக்கு முறைதான். உங்களவர் வீட்டுமொழி மலாய்.

மலாக்கா_வழி | செவ்வாய் மதியம் 1.40

வீட்டில் மலாய் பேசினால் தமிழ் எழுதத் தெரியாதா? 1899-ல் எங்களவர் யாருமே தமிழில் நோட்டு எழுதவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பழைய_ஏடு | செவ்வாய் மதியம் 2.05

இருவரும் அந்த நோட்டைப் பார்க்கவில்லை. கொடுத்தவர் பெயரை அந்தப் பெண் இன்னும் சொல்லவே இல்லை. கத்தோலிக்கரிலும் வட்டிக்குக் கொடுத்தவர்கள் உண்டு, கொள்ளுத்தாத்தாவே கொடுத்தவராகவும் இருக்கலாம்.

மைக்ரோஃபிலிம் | செவ்வாய் மாலை 6.15

நியாயம்தான். செட்டி விவாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். பேத்தி, கொள்ளுத்தாத்தா கிளார்க்காகவோ சர்க்கார் உத்தியோகத்திலோ இருந்தாரா? இருந்தால் சிங்கப்பூர் அண்டு ஸ்ட்ரெய்ட்ஸ் டைரக்டரியில் அலுவலகவாரியாகப் பாருங்கள். இறந்தது 1908-க்கு முன்பா பின்பா? முன்பென்றால் புக்கிட் தீமா ரோட்டுப் பழைய கிறிஸ்தவ இடுகாடு, பின்பென்றால் பிடாடாரி, புதைத்தோர் பதிவுக்கு ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

கேலாங்_பேத்தி | அடுத்த வாரம், வியாழன் இரவு 11.15

கிடைத்துவிட்டது. குவீன் ஸ்திரீட் ஏடு, 1886, எக்ஸ் பக்கம். 'விதுவுஸ்' என்று இருக்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது. சீலில் சென்ட்ஸ்தான், வேறு எண் எதுவும் இல்லை. வாங்கியவர் கொள்ளுத்தாத்தா. வரவைக் கூட்டினால் 350-க்கு மேலேயே வருகிறது. கிழிசல் நேர்கோட்டில் இருக்கிறது. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

ஓஃபிர்_ரோடு | வியாழன் இரவு 11.40

சந்தோஷம் தங்கச்சி. 'விதுவுஸ்' என்றால் அதே வரியில் முதல் மனைவி பெயரும் எழுதியிருக்கலாம், இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அந்தப் பெயர் கிடைத்தால் 1872-க்குப் பிந்தைய இறப்புப் பதிவில் தேடலாம். அந்தத் தாரத்துக்குப் பிள்ளைகள் இருந்தார்களா?

கணக்குப்பிள்ளை | வெள்ளி காலை 6.30

350-க்கு மேல் வந்தது வட்டி. முதல் வரவுக்கும் கடைசி வரவுக்கும் நடுவே எத்தனை மாதம் என்று எழுது அம்மா, வட்டி வீதம் கணக்குப் போட்டுத் தருகிறேன்.