புதுப்பிப்பு: ஆஸ்னி பாலத்தைக் கடந்து லெச்லேடு வரை படகுப் பயணம்

ஆபிங்டனில் வாடகைப் படகு எடுத்து, தேம்ஸ் ஆற்றில் லெச்லேடு வரை செல்ல முடியுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன்; சென்று திரும்பிவிட்டோம், பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

"முன்பதிவுக்கு முன் படகின் உயரத்தைக் கேளுங்கள்" என்ற யோசனைதான் பயணத்தைக் காப்பாற்றியது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஸ்னி பாலத்துக்கு அடியில் ஏறத்தாழ 2.28 மீட்டர் இடைவெளியே உண்டு என்பதால், உயரமான படகை விட்டுத் தாழ்வானதை எடுத்தோம். பாலத்தின் இரும்பு அடிப்பகுதி கூரைக்கு ஒரு சாண் மேலே நகர்ந்துபோனது.

எதிர்பாராதது மழை. நீர்மட்டம் உயர்ந்தால் அந்த இடைவெளியும் குறையும் என்பதால், வழியிலிருந்த லாக்கில் (நீர்மட்டத்தை ஏற்றியோ இறக்கியோ படகைக் கடத்திவிடும், இருபுறமும் கதவுள்ள நீர்த்தொட்டி) மஞ்சள் எச்சரிக்கைப் பலகையைக் கண்டதும் ஒரு நாள் காத்திருந்தோம்.

திரும்பும்போது லாக்கில் நீர் இறங்கும். படகின் கயிற்றைக் கரையில் முடிச்சிட்டால் படகு தொங்கிவிடும், ஆகவே அங்குள்ள கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கையில் பிடித்தபடி மெல்ல விட்டுக்கொடுங்கள்.