காரை 40 மி.மீ. இறக்கினால் வளைவில் உண்மையிலேயே நன்றாகப் பிடிக்குமா?

வளைவுப்பாதை:
முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக். முன்னால் மேக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த சஸ்பென்ஷன்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுங்கக்கூடிய குறுக்குத் தண்டு). வளைவில் பாடி சாய்வது அதிகமாக இருக்கிறது, அதைக் குறைக்க 40 மி.மீ. இறக்கலாம் என்று யோசனை. இரண்டு வழி முன்னால் இருக்கிறது: லோயரிங் ஸ்பிரிங் வாங்கிப் போடுவது, அல்லது இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்று வெட்டிவிடுவது. ஷாக் அப்சார்பர் கம்பெனி ஷாக்தான், நல்ல நிலையில் இருக்கிறது. உயரம் குறைந்தாலே ஹேண்ட்லிங் கூடும் என்பது எந்த அளவுக்குச் சரி? வேறு எதை மாற்ற வேண்டிவரும்?

ஸ்ட்ரட்_கணக்கு:
உயரம் குறைவதால் மட்டும் கிடைக்கும் லாபம் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1,200 கிலோ கார், எடைமையம் தரையிலிருந்து 550 மி.மீ., இரு சக்கரங்களுக்கு இடையே 1,450 மி.மீ. என்று வையுங்கள். 0.7 ஜி-யில் (புவியீர்ப்பின் 0.7 மடங்கு பக்கவாட்டு விசையில்) வளைந்தால் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் எடை சுமார் 320 கிலோ. எடைமையம் 40 மி.மீ. முழுதாக இறங்கினாலும் அது 295 கிலோ ஆகிறது. நூற்றுக்கு ஏழு. நல்லதுதான், ஆனால் ஓட்டும்போது உணர்கிற அந்த 'இறுக்கம்' பெரும்பாலும் ஸ்பிரிங் கடினமாவதால் வருவது.

சாய்வு விஷயத்தில் மேக்பெர்சன் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். ஸ்டாண்டர்ட் உயரத்தில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கும் கை) சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழே சரிந்திருக்கும். காரை இறக்கினால் அது படுகிடையாகி, அதற்கும் மேல் போனால் சக்கரப் பக்கம் தூக்கிக்கொள்ளும். அப்போது ரோல் சென்டர் (வளைவில் பாடி எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சாய்கிறதோ அது), பாடி இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. எடைமையம் 40 இறங்க, ரோல் சென்டர் 70 இறங்கியதாக வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி 30 மி.மீ. கூடுகிறது. பாடியைச் சாய்க்கும் நெம்புகோல் அந்த இடைவெளிதான். அதே ஸ்பிரிங் ரேட்டில், அதாவது ஸ்பிரிங்கின் கடினம் மாறாமல், இறக்கிய கார் முன்பைவிட அதிகம் சாயும், அதுதான் வேடிக்கை. கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு) அப்படியே: நிற்கும்போது நெகட்டிவ் (மேல்பக்கம் உள்ளே சாய்வது) கொஞ்சம் கூடித் தெரியும், ஆனால் வளைவில் அமுங்கும்போது கூட வேண்டிய கேம்பர் கூடாமல் போகும். வெளிப்பக்க டயரின் தோள்பட்டை தேய்வது அதனால்தான்.

ஆர்மும் டை ராடும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) ஸ்டாண்டர்ட் உயரத்தில் ஒன்றுக்கொன்று பொருந்திய கோணத்தில் அமைக்கப்பட்டவை. உயரம் மாறினால் அந்தப் பொருத்தம் கெட்டு, மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் தானாக இழுக்கும். இதற்கு நீளமான பால் ஜாயின்ட்டும் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) அதற்கேற்ற டை ராட் எண்டும் சேர்ந்து வரும் கிட் சில கார்களுக்குக் கிடைக்கிறது. உங்கள் காருக்கு அது கிடைக்காவிட்டால் 25 முதல் 30 மி.மீ.-க்கு மேல் இறங்காதீர்கள்.

நட்டு_போல்ட்டு:
ஸ்பிரிங்கை வெட்டுவது வேண்டாம், ப்ரோ. ஸ்பிரிங் ரேட், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதம். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் ரேட் 20 சதவீதம் கூடும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இழக்கிற டிராவலுக்கு (சக்கரம் மேலும் கீழும் நகர இருக்கும் இடம்) அது போதாது. அதோடு வெட்டிய முனை சீட்டில் ஒழுங்காக உட்காராது. ஸ்பிரிங்கின் மொத்த நீளமும் குறைந்துவிடுவதால், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் லூஸாகி இடம் மாறும். திரும்பி அமரும்போது கோணலாக அமர்ந்தால் வளைவின் நடுவில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சூடுகாட்டி அமுக்குவது இதைவிட மோசம், எஃகின் டெம்பரே போய்விடும்.

டிராவலை முதலில் அளந்து பாருங்கள். ஷாக் ராடின் டஸ்ட் கவரைத் தூக்கிவிட்டு, ராடின் மேல் ஒரு கேபிள் டை கட்டி, சிலிண்டர் முனையை ஒட்டித் தள்ளி வையுங்கள். வழக்கமாகப் போகும் சாலையில், வழக்கமான ஆட்களோடு ஓட்டிவிட்டு, சமதரையில் நிறுத்தி, டை எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து பம்ப் ஸ்டாப்பர் (சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது முட்டும் மெத்தை) வரை மிச்சம் இருப்பதுதான் உங்களால் செலவழிக்க முடிந்த உயரம். பின்பக்கத்துக்கும் இதே சோதனை, பின் சீட்டில் மூன்று பேரோடு. பம்ப் ஸ்டாப்பரைத் தொட்ட நொடியில் அந்த மூலையின் ரேட் பல மடங்கு ஏறிவிடும். முன்னால் தொட்டால் கார் நேராக வெளியே தள்ளும். பின்னால் தொட்டால் வால் திடீரென்று விலகும். ஆக்சிலேட்டரை விடும் நேரத்தில் அது நடந்தால் சமாளிப்பது கடினம்.

ஷாக் பற்றி: ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால் டாம்பிங் (ஷாக் ஆட்டத்தை அடக்கும் திறன்) சுமார் 14 சதவீதம் கூட வேண்டும், வர்க்கமூலக் கணக்கு. நல்ல நிலையில் உள்ள கம்பெனி ஷாக் அதை ஓரளவு தாங்கும். அதற்கு மேல் என்றால் ஸ்பிரிங்குக்கு ஏற்ற, ராட் நீளம் குறைந்த ஷாக்தான்.

டார்க்_ரென்ச்:
மேலே சொன்னதோடு மாட்டும் முறை. வேலைக்கு முன் சமதரையில் நாலு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வைக்கவும். ஸ்ட்ரட் மவுண்ட்டையும் பேரிங்கையும் பிரித்த கையோடு புதிதாகப் போட்டுவிடுங்கள். ஸ்டாப்பரை எவ்வளவு வெட்டுவது என்பதை ஸ்பிரிங்கோடு வரும் குறிப்பைப் பார்த்து மட்டும் செய்யவும்.

பலர் விட்டுவிடுவது புஷ், அதாவது மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை. லோயர் ஆர்ம் போல்ட்டையும் பீமின் பிவட் போல்ட்டையும் லூஸ் செய்து, கார் தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான் டார்க் வைத்து இறுக்க வேண்டும். பழைய இறுக்கத்திலேயே விட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். லிஃப்ட்டில் தொங்கும்போது இறுக்கினால் இன்னும் மோசம்.

சில நூறு கிலோமீட்டரில் ஸ்பிரிங் சற்று அமரும். மாட்டியதும் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் சரிசெய்து ஓட்டி, அமர்ந்தபின் முழு அலைன்மென்ட் செய்யவும். ஹெட்லைட் மட்டத்தையும் அப்போதே.

வளைவுப்பாதை:
நன்றி. அப்படியானால் 25 மி.மீ. ஸ்பிரிங். காரில் ஏபிஎஸ் இல்லை, அதனால் பிரேக்கில் ஏதாவது பார்க்க வேண்டுமா?

நட்டு_போல்ட்டு:
கட்டாயம். பின் பீமுக்கும் பாடிக்கும் நடுவே லீவரோடு ஒரு லோட் சென்சிங் வால்வு (பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு) இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் கார் நிறைய பாரம் ஏற்றியிருக்கிறது என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். ஈரச் சாலையில் பின்சக்கரம் முதலில் லாக் ஆகிவிடும். புதிய உயரத்துக்கு ஏற்ப லீவரை சர்வீஸ் மேனுவல் அளவுப்படி அட்ஜஸ்ட் செய்தபின்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.