பிளகின் ஃபில்டர்களை ஒழுங்குபடுத்திய அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

பழைய புகைப்படங்களைச் சீர்செய்து கொடுப்பது என் தொழில். ஃபோட்டோஷாப்பில் வெளியிலிருந்து சேர்த்த ஃபில்டர்கள், அதாவது பிளகின்கள், இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. கீறல் எடுக்க ஒன்று, அச்சுப் புள்ளியை அமுக்க ஒன்று, மங்கிய நிறத்தை மீட்க ஒன்று என்று சேர்ந்துகொண்டே போகும். கூட வேலை செய்யும் தம்பி ஒருவருடைய கம்ப்யூட்டரைப் போன மாதம் உட்கார்ந்து சீர்படுத்திக் கொடுத்தேன். அதில் கடைப்பிடித்த முறையை இங்கே எழுதுகிறேன். உங்கள் முறையையும் சொல்லுங்கள்.

அவருடைய கம்ப்யூட்டரில் ஃபில்டர் மெனுவைத் திறந்தால் பட்டியல் திரையின் அடிவரை போய், இன்னும் இருக்கிறது என்று அம்புக்குறி காட்டும். ஃபோட்டோஷாப் திறக்கவே வெகுநேரம் ஆகும். பெரிய ஸ்கேன் ஒன்றில் வேலை செய்யும்போது திடீரென்று மூடிக்கொள்ளும். முதலில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஃபோட்டோஷாப்பைத் திறந்தேன். வெளியாருடைய பிளகின்களை ஏற்றாமல் விடட்டுமா என்று அது கேட்கும். சரி என்றேன். சட்டென்று திறந்தது, அதே ஸ்கேனில் மூடாமல் ஓடியது. அப்படியானால் கோளாறு வெளியிலிருந்து சேர்த்த ஏதோ ஒன்றில் இருக்கிறது.

எதில் என்று கண்டுபிடிக்க எதையும் அழிக்கத் தேவையில்லை. ஃபைல் பெயருக்கோ ஃபோல்டர் பெயருக்கோ முன்னால் ~ என்ற அலைக்குறியைப் போட்டுவிட்டால் ஃபோட்டோஷாப் அதை ஏற்றாது. குறியை எடுத்தால் அடுத்த முறை திறக்கும்போது மறுபடி வந்துவிடும். இருந்த ஃபோல்டர்களில் பாதிக்குக் குறி போட்டுத் திறந்து பார்த்தேன். சிக்கல் எந்தப் பாதியில் என்று தெரிந்ததும் அதை மறுபடி இரண்டாகப் பிரித்தேன். இப்படியே போனால் சீக்கிரம் ஒரே ஒரு ஃபைலில் வந்து நிற்கும். அது எப்போதோ பரீட்சித்துப் பார்க்கப் போட்ட ஓர் ஓரச் சட்ட ஃபில்டரின் டெமோ. அதற்கப்புறம் அவர் அதைத் தொட்டதே இல்லை.

ஃபில்டர்களை அடுக்கும்போது பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸில் ஃபில்டர் ஃபைல்கள் 8பிஎஃப் என்று முடியும். அந்த ஃபைலை நீங்கள் எந்த ஃபோல்டரில் வைத்தாலும், மெனுவில் எந்தத் தலைப்பின் கீழ் வர வேண்டும் என்பதை அதை எழுதியவர் ஃபைலுக்குள்ளேயே பதித்துவிட்டார். ‘நிறம்’ என்று ஃபோல்டர் போட்டால் மெனுவில் ‘நிறம்’ வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரே நிறுவனத்தின் இரண்டு ஃபில்டர்கள் இரண்டு தலைப்பில் பிரிந்து கிடப்பதும் இதனால்தான். ஃபோல்டர் நம் நிர்வாகத்துக்கு, மெனு எழுதியவருடைய விருப்பத்துக்கு. இதை ஏற்றுக்கொண்டுவிட்டால் மற்றது எளிது.

தம்பிக்கு வேலைவாரியாக ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேன்: நாய்ஸ், கூர்மை, நிறம், ஓரம், அப்புறம் ‘சோதனை’. புதிதாக வருவது எதுவானாலும் முதலில் ‘சோதனை’க்குத்தான் போக வேண்டும். கம்ப்யூட்டர் தகராறு செய்தால் முதலில் அந்த ஒரு ஃபோல்டருக்கு அலைக்குறி போட்டுப் பார்த்தால் போதும். உண்மையான வேலை ஒன்றில் கைகொடுத்த பிறகுதான் மற்ற ஃபோல்டருக்கு அதை மாற்றலாம். இவ்வளவையும் ஃபோட்டோஷாப்பின் சொந்த ஃபோல்டரில் வைக்காமல், புரோகிராம் ஃபைல்ஸ் > காமன் ஃபைல்ஸ் > அடோபி > பிளக்-இன்ஸ் > சிசி என்ற பொது இடத்தில் வைத்தேன். புதிய பதிப்பு வந்து பழையதை நீக்கினாலும் இது அப்படியே இருக்கும். இப்படி நகர்த்துவதெல்லாம் தனி ஃபைலாக வரும் ஃபில்டர்களுக்கு மட்டும். சொந்த இன்ஸ்டாலரோடு வருபவற்றைக் கையால் இடம் மாற்றாதீர்கள். துணை ஃபைல்களும் உரிமப் பதிவும் வேறு வேறு இடத்தில் இருக்கும், பாதை தவறினால் திறக்காது.

மெனுவின் நீளத்துக்கு நான் கண்ட மருந்து ஆக்ஷன்கள், அதாவது செய்யும் படிகளைப் பதிவு செய்து மறுபடி ஓட்டும் வசதி. தினமும் தொடும் ஃபில்டர் ஒவ்வொன்றையும் தனி ஆக்ஷனாகப் பதிவு செய்து, ‘கீறல்’, ‘புள்ளி’, ‘நிறம் மீட்பு’ என்று நமக்குப் புரியும் பெயர் வைத்து, எஃப் விசை ஒன்றைக் கொடுத்துவிடலாம். பதிவு செய்தபோது இருந்த அளவுகளே ஒவ்வொரு முறையும் ஓடிவிடக் கூடாது என்றால், ஆக்ஷன் பேனலில் அந்தப் படியின் இடப்பக்கம் உள்ள சின்னக் கட்டத்தைச் சொடுக்குங்கள். ஃபில்டரின் ஜன்னல் திறந்து நம்மைக் கேட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். தம்பி இப்போது மெனுவுக்குள் போவதே அபூர்வம்.

கடைசியாக, ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஃபில்டரின் பெயர், பதிப்பு, எங்கிருந்து எடுத்தது, உரிம எண், இன்ஸ்டாலர் எங்கே இருக்கிறது. கூடவே இன்ஸ்டாலரின் நகல் வெளி டிஸ்க்கில். இது ஏன் முக்கியம் என்பதற்கு, ஃபில்டர் தொகுப்பான நிக் கலெக்‌ஷன் போதும். 2012-ல் கூகுள் அதை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கியது. 2016 மார்ச்சில் தொகுப்பு முழுவதையும் இலவசமாக்கியது. 2017-ல் டிஎக்ஸ்ஓ என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது, அப்புறம் வந்த பதிப்புகள் விலைக்கு. ஐந்தே ஆண்டில் இத்தனை கைமாற்றம். இன்ஸ்டாலரைத் தன் டிஸ்க்கில் வைத்திருந்தவருக்குக் கம்ப்யூட்டர் மாற்றும்போது பதற்றம் இல்லை.

* * *

அண்ணா, நல்ல பதிவு. நான் முழுக்க கிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளின் ஆள். இங்கே 2025-லிருந்து வேறு விதமான வேலை வந்து சேர்ந்தது.

கிம்ப் 3.0 வந்தது 2025 மார்ச்சில். அதற்கு முன்னால் பிளகின் ஃபைலை பிளகின் ஃபோல்டரில் அப்படியே போட்டால் எடுத்துக்கொள்ளும். இப்போது ஒவ்வொரு பிளகினுக்கும் அதே பெயரில் தனி ஃபோல்டர் வேண்டும். ‘முத்திரை’ என்று பைதான் மொழியில் எழுதிய ஒரு ஃபைல் இருந்தால், ‘முத்திரை’ என்றே ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் மெனுவில் வராது, ஏன் வரவில்லை என்றும் தேடிக்கொண்டிருப்போம். லினக்ஸில் இதோடு அந்த ஃபைலுக்கு இயங்கும் அனுமதியும் கொடுத்தாக வேண்டும். ஃபைலின் பண்புகளில் ஒரு டிக்தான், ஆனால் அது இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

முந்தைய 2.10 பதிப்புக் காலத்துப் பைதான் பிளகின்கள் பைதான் 2-க்கு எழுதியவை, 3.0-வில் ஓடாது. அதனால் பழைய ஃபோல்டரை அப்படியே தூக்கி வைக்கவில்லை. காலி ஃபோல்டரில் தொடங்கி, வேலை கேட்கும்போது மட்டும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். உதவி மெனுவில் பிளகின் பிரௌசர் இருக்கிறது, எது ஏறியிருக்கிறது, எந்த மெனுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அதில் பார்த்துக்கொள்வேன்.

ஜிமிக் என்ற ஃபில்டர் தொகுப்பைச் சேர்த்த பிறகு பாதித் தேவை அதிலேயே தீர்ந்தது. பிரான்ஸில் கான் (Caen) நகரத்து ஆய்வுக்கூடத்தில் உருவானது, ஐந்நூறுக்கு மேல் ஃபில்டர்கள், ஆனால் கிம்ப் மெனுவில் ஒரே வரிதான். உள்ளே தேடும் பெட்டி இருக்கிறது. பிடித்த அளவுகளோடு ஒரு ஃபில்டரை விருப்பப் பட்டியலில் சேர்த்து நாமே பெயர் வைக்கலாம். நீங்கள் ஆக்ஷனில் செய்வதை நான் அங்கே செய்கிறேன்.

* * *

நானும் சேர்ந்துகொள்கிறேன். எனக்குப் பழைய ஃபில்டர்கள்மேல் தீராத ஆசை. தொண்ணூறுகளில் ஃபோட்டோஷாப்போடு ஃபில்டர் ஃபேக்டரி என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் சூத்திரம் எழுதி, அதையே தனி 8பிஎஃப் ஃபைலாக ஆக்கிவிடலாம். அப்படி ஆர்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்தவை ஏராளம். சில ஃபில்டர்களின் நிறச் சிதறலை இன்று எந்த மென்பொருளிலும் நான் பார்க்கவில்லை.

ஆனால் அவை 32 பிட் என்ற பழைய வகை. விண்டோஸில் ஃபோட்டோஷாப் 64 பிட்டுக்குப் போனது 2008-ல் வந்த சிஎஸ்4-இல், மேக்கில் 2010-ல் வந்த சிஎஸ்5-இல். 64 பிட் மென்பொருள் 32 பிட் ஃபில்டரை ஏற்றாது. ஃபைல் சரியான இடத்தில் இருக்கும், மெனுவில் மட்டும் இருக்காது. அதனால் என் அடுக்கில் முதல் பிரிவே 32, 64 என்று இரண்டு ஃபோல்டர்கள்தான். அதற்குள்தான் மற்றதெல்லாம். ஃபோட்டோஷாப்பில் உதவி மெனுவின் சிஸ்டம் இன்ஃபோவைத் திறந்து அடியில் பாருங்கள், ஏறிய பிளகின்களும் ஏறாதவையும் எழுதியிருக்கும்.

32 பிட் பழசுகளை, படம் பார்க்கும் மென்பொருளான இர்ஃபான்வியூவின் 32 பிட் பதிப்பில் ஓட்டுகிறேன். அதற்கான பிளகின் தொகுப்பையும் போட வேண்டும். சில ஃபில்டர்கள் அப்போதும் திறக்காது, எம்எஸ்விசிஆர்டி10 என்ற டிஎல்எல் துணை ஃபைலைக் கேட்கும். அது பழைய மைக்ரோசாஃப்ட் ஃபைல், புதிய கம்ப்யூட்டரில் இருக்காது. அந்த ஒரு ஃபைலைத் தனியாகப் பாதுகாத்து வைத்திருக்கிறேன். கண்ட தளத்திலிருந்து டிஎல்எல் இறக்காதீர்கள், வைரஸ் நுழைய அதைவிட வசதியான வாசல் இல்லை. ஃபில்டர் ஃபேக்டரி சூத்திரங்களை 64 பிட்டிலும் ஓட்ட ஃபில்டர் ஃபவுண்டரி என்ற திறமூல பிளகின் இருக்கிறது. என் சேகரிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கேள்வி: ஸ்மார்ட் ஃபில்டராக, அதாவது பிறகும் அளவுகளை மாற்றிக்கொள்ளும்படி போட்ட வேலையை, அந்தப் பிளகின் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் என்ன ஆகும்?

* * *

படம் தெரியும் நண்பரே, ஆனால் அந்த ஃபில்டரின் அளவுகளை மாற்ற முடியாது. அதனால் வேறு யாருக்காவது பிஎஸ்டி என்ற ஃபோட்டோஷாப் ஃபைலை அனுப்பும்போது, ஃபில்டர் போட்ட லேயரின் நகல் ஒன்றைச் சாதாரண லேயராக மாற்றி மேலே வைத்துவிடுவேன். லேயரின் பெயரிலேயே ஃபில்டர் பெயரும் பதிப்பும் எழுதுவேன். பல மாதம் கழித்து வாடிக்கையாளர் அதே படத்தை மறுபடி கேட்கும்போது இந்தப் பெயர் செய்யும் உதவி கொஞ்சநஞ்சமல்ல.

32, 64 கதை மேக்கில் வேறு உருவத்தில் திரும்ப வந்திருக்கிறது. ஆப்பிளின் எம்1 சிப்புக்கு என்றே எழுதிய ஃபோட்டோஷாப் 2021-ல் வந்தது. இன்டெல்லுக்கு எழுதிய பழைய ஃபில்டர்கள் அதில் தெரியாது. ஃபோட்டோஷாப் ஐகானின் தகவல் ஜன்னலில் ரொசெட்டா (இன்டெல் மென்பொருளை ஆப்பிள் சிப்பில் ஓட்டும் வசதி) வழியாகத் திற என்று டிக் போட்டால் வரும், ஆனால் வேகம் குறையும். தம்பிக்குப் போட்டுக் கொடுத்த டெக்ஸ்ட் ஃபைலில் ஒவ்வொரு ஃபில்டருக்கும் எதிரே 32-ஆ 64-ஆ, இன்டெல்லா ஆப்பிளா என்று சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கிம்ப் பற்றி எழுதிய சகோதரி சொன்ன காலி ஃபோல்டர் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த கம்ப்யூட்டருக்கு அப்படித்தான் தொடங்கப்போகிறேன். அஃபினிட்டி என்ற படத் திருத்த மென்பொருளில் 8பிஎஃப் ஃபில்டர்களை ஓட்டுபவர்கள் யாராவது இருந்தால், உங்களிடம் எவை ஓடின, எவை ஓடவில்லை என்று எழுதுங்கள். அதன் அமைப்புகளில் பிளகின் ஃபோல்டரை நாமே காட்டிவிடலாம், ஆனால் எல்லா ஃபில்டரும் அங்கே ஒத்துப்போவதில்லை.