மறு: பர்ஸ்ட் பாஸ்ட் த போஸ்ட் – தமிழ்ல என்ன?

தக்கலை டீச்சர் எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு தேர்தல் முறைகள் பத்தி சின்ன கையேடு, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவணும், இந்த பர்ஸ்ட் பாஸ்ட் த போஸ்ட்ல (மத்தவங்களை விட அதிக ஓட்டு வாங்குனவரே ஜெயிக்கது) தமிழ்ச் சொல் கிடைக்காம முட்டி நிக்கேன். பெரும்பான்மை முறைன்னு எழுதுனா தப்பு. நூறு ஓட்டு 38, 35, 27ன்னு பிரிஞ்சா 38 ஜெயிச்சாச்சு, பாதி தாண்டலையே. லோக்சபா எம்.பி., எம்.எல்.ஏ., பஞ்சாயத்து தலைவர் எல்லாம் இப்பிடித்தான வாறாங்க.

நாகர்கோவில் அண்ணாச்சி எழுதியது:
முந்துமுறை. வேர் 'முன்'. முனை, முந்து, முந்தானை, முன்றில் எல்லாம் ஒரே குடும்பம், குமரிமுனையில இருந்துகிட்டு இதை விட்டு எங்க தேடப் போறிய? அகநானூறு 77ஆம் பாட்டுலயே குடத்துக்குள்ள இருந்து ஓலை எடுக்கான், உத்திரமேரூர்ல கல்லுல வெட்டி வச்சிருக்கான், நமக்கா சொல்லுக்குப் பஞ்சம்? குடவோலை முறைன்னு போட்டாலும் சம்மதம்.

குளச்சல் தம்பி எழுதியது:
அண்ணாச்சி, குடவோலை குலுக்கல்லா! தகுதி உள்ளவன் பேரை எழுதிப் போட்டு சின்னப் பையனை விட்டு எடுக்கது, அதுல எண்ணுகதே கிடையாது. முந்துமுறையும் வேண்டாம், நம்ம ஊர்ல முந்தின்னா பண்டு, பிள்ளைகள் 'பழைய தேர்தல் முறை'ன்னு பரீட்சையில எழுதி வைக்கும். என் ஓட்டு மிகுவாக்கு முறைக்கு.

மார்த்தாண்டம் அக்கா எழுதியது:
என் மொழிபெயர்ப்புல அது இடிக்கும் தம்பி. ராஜ்யசபாவுக்கு எம்.எல்.ஏ.மார் 1, 2, 3ன்னு விருப்ப வரிசை எழுதித்தான் ஓட்டு போடுகாங்க. ராஜ்யசபா தேர்தல்ல 6 இடம் காலின்னா, 234 எம்.எல்.ஏ.வும் ஓட்டு போட்டா ஒருத்தர் ஜெயிக்க 34 ஓட்டு போதும், அதுக்கு மேல விழுந்தது அடுத்த விருப்பத்துக்குப் போவும். அந்த மிச்சத்துக்கு மிகுதி வாக்குன்னு ஏற்கெனவே எழுதிட்டேன். மிகுவாக்கு, மிகுதி வாக்கு ரெண்டும் ஒரே பக்கத்துல வந்தா கதை கந்தல். பேசாம 'கூடுதல் ஓட்டு முறை'.

நாகர்கோவில் அண்ணாச்சி எழுதியது:
ஓட்டு என்ன தமிழா? வீட்டு ஓட்டைச் சொல்லுகியளா?

மார்த்தாண்டம் அக்கா எழுதியது:
வாக்கும் வடமொழிதான் அண்ணாச்சி. ஓட்டு போடாத கிழவி நம்ம ஊர்ல உண்டா?

தக்கலை டீச்சர் எழுதியது:
சண்டைக்கு நடுவுல இன்னொண்ணு, மேயரையும் யூனியன் சேர்மனையும் உறுப்பினர்மாரே தேர்ந்தெடுக்கதுக்கு மறைமுகத் தேர்தல்னு போட்டேன், ஒரு பையன் 'ஒளிச்சு போடுகதா டீச்சர்'னு கேட்டான். ரகசிய வாக்கெடுப்பு வேற, இது வேறன்னு ஒரு பீரியடே போச்சு. இதுக்கும் யாராவது வழி சொன்னா நல்லது.

(மறைமுகத்துக்கு 'வழித்தேர்தல்'னு அண்ணாச்சி எழுதினதை யாரும் கண்டுக்கல.)

தக்கலை டீச்சர் எழுதியது:
இதுவரை 9 பேர் சொல்லியிருக்கிய. கூடுதல் ஓட்டு 4, முந்துமுறை 3, மிகுவாக்கு 2. கூடுதல் ஓட்டுன்னே அச்சுக்குக் குடுத்துட்டேன்.

நாகர்கோவில் அண்ணாச்சி எழுதியது:
9ல 5 பேர் வேண்டாம்னுதான சொல்லியிருக்கு! மிகுவாக்குக்காரங்க ரெண்டு பேர்ட்டயும் ரெண்டாவது விருப்பம் கேட்டுப் பாத்தியளா? என் மறுப்பைக் குறிச்சு வச்சுக்கிடுங்க. 'முந்து'க்கு மலையாளத்துல என்னென்ன இருக்குன்னு நாளைக்கு விரிவா எழுதுகேன்.